லைட் எரிந்தால் பாஸ்

இந்த ஸ்டேஷன் அறை டியூப் லைட்டில் ஸ்டார்ட்டர் போய்விட்டது, ஐயா. அதனால்தான் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு ஸ்டூலும் புது ஸ்டார்ட்டரும் கிடைத்தால் நானே மாற்றித் தருவேன். ஆனால் நீங்கள் தர மாட்டீர்கள். என் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்க இனி இந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. அது எனக்குப் புரிகிறது. பரவாயில்லை, இந்த வெளிச்சத்திலேயே பேசுவோம். தட்டச்சு செய்கிறவருக்குக் கண் வலித்தால் மட்டும் சொல்லட்டும், நிறுத்திக்கொள்கிறேன்.

நேற்று நீங்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். தோளில் தட்டி, வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். குளியலறையில் ஷாக் அடித்து அண்ணி இறந்தது விபத்து என்று முடிவாகிவிட்டதாகவும் சொன்னீர்கள். "உங்க மேல என்ன தப்பு தம்பி? அரைகுறையா சொல்லிக் குடுத்து, கையில ஒரு சர்டிபிகேட்டையும் குடுத்து அனுப்பிட்டாங்க. நீங்க தெரியாம செஞ்சுட்டீங்க" என்றீர்கள். சொல்லும்போது உங்கள் குரல் கூடக் கொஞ்சம் கம்மியது. நல்ல மனிதர் நீங்கள். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

மின் ஆய்வாளரும் நல்ல மனிதர்தான். எனக்குத் தண்டனை எதுவும் வேண்டாம், முழுப் படிப்பு ஒன்றை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்தால் போதும் என்று பரிந்துரை செய்திருக்கிறாராம். ஒரு பெண் செத்துப்போனதற்கு, செய்தவனை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். இவ்வளவு இரக்கமுள்ள உலகத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

நான் வாசல் வரைக்கும் போனேன். அங்கே பெஞ்சில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். எனக்கு மின்வேலை சொல்லிக் கொடுத்தவர், இப்போது வழக்கு அவர் மேல். சட்டைப் பையில் டெஸ்டர் குத்தியிருந்தது, கண்ணில் தண்ணீர். "இத்தனை வருஷமா நடத்தறேன் சார், என் ஸ்டூடண்ட் கைவெச்ச வீட்டுல ஒருத்தர்கூட செத்ததில்ல" என்று காவலரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மையாக இருக்க வாய்ப்பில்லை. அவர் காதுக்கு எதுவும் வரவில்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. நான் செய்ததற்கு அவர் ஏன் உள்ளே போக வேண்டும்? அவர் செய்ததற்குப் போகட்டும், அது வேறு விஷயம். ஒரு நிரபராதியைக் காப்பாற்றத்தான் நான் இன்று திரும்பி வந்தேன் என்று முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். படிக்க நன்றாக இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் சொன்ன அந்த வார்த்தை. அரைகுறை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் படிப்பைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

டயர் கடை மாடியில் எங்கள் பயிற்சி மையம். வாசலில் ஒரு பலகை: "இரண்டே வாரத்தில் வீட்டு எலக்ட்ரீஷியன். முன் அனுபவம் தேவையில்லை." அந்தக் கடைசி வரி மட்டும் சிவப்பில், பெரிய எழுத்தில். பின் அனுபவத்தைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் ஒரு ஸ்விட்ச் போர்டு. அதன் மேல் 'தொடாதே' என்று காகிதம் ஒட்டியிருக்கும். ஃபேன் போட வேண்டுமானால் மாஸ்டர் ஒரு மரக் குச்சியால் தட்டுவார். மின்வேலை சொல்லிக் கொடுக்கும் இடத்தில், மின்வேலை தெரிந்தவர் ஒருவர், ஸ்விட்சைக் குச்சியால் தட்டுவதை நாங்கள் தினமும் பயபக்தியோடு பார்த்தோம். அந்தப் படிப்பில் கிடைத்த ஒரே உருப்படியான பாதுகாப்புப் பாடம் அதுதான்.

எங்கள் வகுப்பில் ஒரு ஓய்வு பெற்ற கேஷியர் இருந்தார். வீட்டில் சும்மா இருந்தால் மனைவி திட்டுகிறார் என்று வந்தவர். மாஸ்டர் தும்மினால்கூட மூன்று கலர் பேனாவில் எழுதிக்கொள்வார். செல்போன் ரிப்பேர்காரர் ஒருவர். எல்லா ஒயரும் ஒன்றுதான், இது கொஞ்சம் தடியாக இருக்கிறது, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. ஒரு சமையல்காரர், அவருக்கு மின்சாரமே பயம். பயம் தெளிவதற்காக வந்திருந்தார். இரண்டு வாரத்தில் பயம் தெளிந்துவிட்டது. தெளிந்திருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

படித்ததெல்லாம் ஒரு பிளைவுட் பலகையில். அதில் ஒரு பல்பு, ஒரு ஸ்விட்ச், ஒரு பிளக். மேசை மேல் நிமிர்த்தி வைத்திருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே வேலை செய்யலாம். சுவர் கிடையாது, ஈரம் கிடையாது, எலி கடித்த ஒயர் கிடையாது. ஒரு வீட்டில் என்னவெல்லாம் இருக்குமோ அது எதுவும் அந்தப் பலகையில் கிடையாது. பரீட்சையும் அதே பலகையில்தான். மாஸ்டரின் விதி ஒன்றே ஒன்று: "லைட் எரிஞ்சா பாஸ்." சமையல்காரருக்கு லைட் எரியவில்லை. மாஸ்டர் போய்ப் பார்த்தார், பல்பு ஃபியூஸ். வேறு பல்பு மாட்டினார், எரிந்தது. மாட்டியது மாஸ்டர், பாஸ் ஆனது சமையல்காரர்.

பலகையில் ஒரு பச்சை ஒயரும் உண்டு. சிவப்பும் கறுப்பும் எங்கெங்கோ போய்ச் சேரும். பச்சை மட்டும் எங்கேயும் போகாது. ஒரு முனை பிளக்கில் இருக்கும். மறுமுனையைப் பேனாவில் சுற்றி, அழகான சுருளாக்கி, பலகையின் பின்னால் தொங்க விட்டிருப்பார்கள். நான் ஒரு நாள் கேட்டேன்.

"மாஸ்டர், இந்தப் பச்சை எதுக்கு?"

"அது எர்த்துப்பா. அது இல்லாமலே லைட் எரியும்."

"அப்ப எதுக்கு வெச்சிருக்காங்க?"

"சும்மா ஒரு சேஃப்டிக்கு. பரீட்சைல வராது, விடு."

பரீட்சையில் வராது என்றதும் கேஷியர் பேனாவை மூடிவிட்டார். எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஆனால் சுருளை மட்டும் விடவில்லை. பார்க்க நன்றாக இருந்தது அல்லவா? எங்கள் மையத்தில் படித்துப் போனவர்கள் கைவைத்த ஸ்விட்ச் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு பச்சைச் சுருள், பேனாவில் சுற்றியது, ஒழுங்காக மடங்கிப் படுத்திருக்கும். உயிரைக் காப்பாற்ற வேண்டிய ஒயரை இந்த ஊரில் பல வீடுகளில் அலங்காரமாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஹீட்டர் பிளக் பெட்டியை மின் ஆய்வாளர் திறந்ததும் என்ன செய்தார், ஞாபகம் இருக்கிறதா? சுருளைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "டயர் கடை மாடியா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவர் வேறு எதையும் பார்க்கவில்லை.

அவர் பார்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்றேனே, நான் விடவில்லை. பழைய புத்தகக் கடையில் தடியாக ஒரு புத்தகம் வாங்கினேன். அட்டை இல்லை, உள்ளே எல்லாம் இருந்தது. மாடியில் என் அறையில் உட்கார்ந்து படித்தேன். பச்சை ஒயர் எதற்கு, அது இல்லாவிட்டால் என்ன ஆகும், ஷாக் அடித்தால் தானாகவே கரண்டை நிறுத்தும் டிரிப்பர் எப்படி வேலை செய்யும், எப்போது செய்யாது, எல்லாம் படித்தேன். என் வாழ்க்கையில் நான் முழுசாகப் படித்து முடித்த முதல் புத்தகம். மாஸ்டருக்கு அதில் கால்வாசி தெரியாது. மாணவன் வாத்தியாரை மிஞ்சினால் வாத்தியாருக்குப் பெருமை என்பார்கள். நான் சொல்லவில்லை, அவருக்கு எதற்கு அவ்வளவு பெருமை.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன்.

அண்ணனுக்குப் பெயிண்ட் கடை. நான் அங்கே கலர் கலந்து கொடுக்கிறவன். வீட்டில் அண்ணன், அண்ணி, நான் என்று மூன்று பேர்தான். மாடி அறை எனக்கு. அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். சோறு போட்டார். சோற்றோடு இந்த ஒரு வார்த்தையையும் போட்டார். கம்ப்யூட்டர் படிப்பை நான் பாதியில் விட்டேன், உண்மை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன், ரிவர்ஸ் எடுக்கும் பாடத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன், அதுவும் உண்மை. அதற்காக ஒருவனுக்கு 'அரைகுறை' என்றே பெயர் வைத்துவிடுவதா? கடைக்கு வரும் பெயிண்டர்கள் அதைச் சுருக்கி 'அரை' ஆக்கினார்கள். "அரை, ரெண்டு பிரஷ் எடு" என்பார்கள். யாராவது வந்து "அரை லிட்டர் ஒயிட் குடுங்க" என்று கேட்டால் போதும், அண்ணன் கல்லாவிலிருந்து திரும்பி, "டேய், உன்னைத்தான் கூப்பிடறாங்க" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் கடை சிரிக்கும். அரை லிட்டர்தான் எங்கள் கடையில் அதிகம் விற்கும், ஐயா.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நிச்சயம் வரை போய் நின்றது. அதை நான் பாதியில் விடவில்லை, பெண் வீட்டார்தான் விட்டார்கள். பையன் எப்படி என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் உண்மையே பேசுகிற மனிதர். "நல்லவன்தான், ஆனா எதையும் முடிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டாராம். பிறகு வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போது, அதையும் ஒரு நகைச்சுவையாகச் சொன்னார். "பொண்ணோட அப்பா கேக்கறாரு, பாதிதான் முடிப்பான்னா எந்தப் பாதின்னு." நான் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். அண்ணி தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அண்ணியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என்னைத் தம்பி என்றும் நீங்கள் என்றும் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். டயர் கடை மாடிப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னவரும் அவர்தான். "தம்பி, இது உங்களுக்கு நல்லா வரும். உங்க கை நிதானமான கை. போய்ச் சேருங்க, இதை மட்டும் விடாதீங்க" என்றார். நான் விடவில்லை. பாருங்கள், ஒருவனை நம்பி ஒரு வார்த்தை சொன்னால் அவன் எவ்வளவு தூரம் போகிறான்.

சான்றிதழ் வாங்கும் நாளில் எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கொரு டெஸ்டரை நெஞ்சோடு பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். நான்தான் முதல் மாணவன். என் லைட் முதல் தடவையிலேயே எரிந்தது. லேமினேட் செய்த சான்றிதழ், மூலையில் என் படம், "வீட்டு மின்பணிகளைத் திறம்படச் செய்யும் தகுதி பெற்றவர்" என்று எழுதியிருந்தது. அதை நேராக அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்குக் கொடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவர் என்னவோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"எத்தனை நாள் படிச்ச?"

"ரெண்டு வாரம்."

"அப்ப வீட்டுல பாதிக்கு மட்டும் கரண்ட் வரும். மீதிப் பாதிக்கு நாங்க மெழுகுவத்தி வெச்சுக்கறோம்."

சொல்லிவிட்டு, கையிலிருந்த டீ கிளாஸை அதன் மேல் வைத்துவிட்டு டிவி பார்க்கத் தொடங்கினார். வேண்டுமென்று வைக்கவில்லை. அதுதான் விஷயம். வேண்டுமென்று வைத்திருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம். டீ கிளாஸ் வைக்க ஏதோ ஒன்று தேவைப்பட்டது, கைக்கு எட்டிய இடத்தில் நான் இருந்தேன். கிளாஸை எடுத்தபோது ஈர வளையம் என் முகத்தைச் சுற்றிச் சரியாக விழுந்திருந்தது. லேமினேஷன் ஆனதால் துடைத்ததும் போய்விட்டது. துடைத்தது அண்ணி.

அன்றைக்கே முடிவு செய்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. நான் அவசரப்படுகிறவன் அல்ல. அண்ணனைக் கொல்ல நினைத்தேன் என்பதும் கொஞ்சம் பெரிய வார்த்தை. அவர் ஒரே ஒரு தடவையாவது என் வேலையை உணர வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். அதற்கு ஒரு சந்தர்ப்பமும் தானாகவே வந்தது. வீட்டுக் குளியலறை ஹீட்டர் செத்துப்போய், புது ஹீட்டர் வாங்கி வந்தார்கள். கடைக்காரரே ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அண்ணிதான் வேண்டாம் என்றார்.

"வீட்டுலயே எலக்ட்ரீஷியன் இருக்கும்போது வெளியாள் எதுக்குங்க? தம்பி மாட்டட்டும்."

"மாட்டட்டும், மாட்டட்டும். வெடிச்சா ஃபோன் பண்ணுங்க, நான் கடையில இருப்பேன்" என்றார் அண்ணன்.

ஒரு மத்தியானம் முழுக்க வேலை பார்த்தேன். அதை எப்படிச் செய்தேன் என்று விவரமாகச் சொல்ல மாட்டேன், ஐயா. நாலு பேர் படித்துக் கற்றுக்கொண்டால் அதற்கும் ஒரு சான்றிதழ் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். இவ்வளவு மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். தெரியாதவன் செய்கிற தப்பு எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்து செய்தேன். பச்சை ஒயர் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, பேனாவில் சுற்றிச் சுருளாக்கி உள்ளே வைத்தேன். அது ஆய்வாளருக்காக வைத்தது. அதோடு நின்றிருந்தால் டிரிப்பர் கரண்டை நிறுத்தி அண்ணனைக் காப்பாற்றியிருக்கும். அதனால் டிரிப்பருக்கும் செய்ய வேண்டியதைச் செய்தேன். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஆய்வாளரை மறுபடி அனுப்புங்கள், மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். அது இரண்டு வாரப் படிப்பில் வருகிற வேலை இல்லை என்பது அவருக்கு உடனே விளங்கும். அவர் வாயால் அதை ஒரு தடவை கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

குளியலறை வெளிச்சம் போதாததால் எனக்கு டார்ச் அடித்துக் காட்டியது அண்ணி. கை அசையாமல் பிடித்திருந்தார்.

"இது என்ன தம்பி, இவ்வளவு அழகா சுத்தறீங்க?"

"எங்க மாஸ்டர் சொல்லிக் குடுத்தது அண்ணி."

"நான் சொன்னேன்ல, உங்க கை நிதானமான கைன்னு."

நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். தேவையில்லை. அண்ணிக்கு ஒரு ஆபத்தும் வராது என்று நன்றாக யோசித்துத்தான் இறங்கினேன். அண்ணி வெந்நீரில் குளிக்கவே மாட்டார். பின்பக்கம் இன்னொரு சின்னக் குளியலறை உண்டு, அங்கே வாளியில் குளிப்பார். "எனக்குப் பச்சைத் தண்ணிதான் ஒத்துக்கும்" என்பார். பச்சைத் தண்ணீர்க்காரருக்குப் பச்சை ஒயரால் என்ன வந்துவிடப் போகிறது? ஹீட்டர் அண்ணனுக்கு மட்டும்தான். கடையிலிருந்து பெயிண்ட் வாடையோடு வருவார், ஆவி பறக்கும் வெந்நீர் வேண்டும், வேறு யாரும் அந்தக் குளியலறைப் பக்கம் போகக் கூடாது. அவ்வளவு ஒழுங்கான மனிதர். எனக்கும் வேலை சுலபமாக இருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அண்ணன் இருக்கிறார், அண்ணி இல்லை.

எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். நிறைய அழுதேன். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நடிக்கவே இல்லை. மாடிப் படியில் கிடக்கும் அவர் செருப்பை இன்னும் நான் நகர்த்தவில்லை. ஆனால் அழுதுகொண்டிருந்த என்னை அண்ணன் வந்து கட்டிப்பிடித்தார், ஐயா. அத்தனை பேர் முன்னால். கடைப் பெயிண்டர்கள் எல்லாம் நின்றிருந்தார்கள். என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நீ என்னடா பண்ணுவ? உனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நான்தான் உன்னைக் கைவெக்க விட்டிருக்கக் கூடாது." என்னை மன்னித்துவிட்டார். கூட்டம் முழுவதும் அவருடைய பெரிய மனசைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஒரு பெயிண்டர் என் காதருகே, "விடு அரை, விதி" என்றார். வாழ்க்கையில் நான் முழுசாகச் செய்து முடித்த ஒரே வேலை அது. அதையும் அரைகுறை என்று சொல்லி மன்னித்துவிட்டார்கள். அதற்கு மேல் நேற்று நீங்கள் டீ வாங்கிக் கொடுத்து, அதே வார்த்தையைச் சொன்னீர்கள். ஒரு மனிதன் எவ்வளவுதான் தாங்குவான்?

அண்ணனுக்கு வைத்தது அண்ணிக்கு எப்படிப் போயிற்று என்று கேட்கிறீர்கள். அதைச் சொன்னால் உங்களுக்கு அண்ணனைப் பற்றியும் தெரியும்.

வேலை முடித்த அன்று சாயங்காலம் அண்ணன் வந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறை வாசல் வரை போனார். ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் ஹாலில் நின்றிருந்தேன். அவர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் குளிக்கல. அரைகுறை பாத்த வேலை. எனக்கு உயிர் மேல ஆசை இருக்குப்பா."

நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் காரணம் தப்பு. எனக்கு வேலை தெரியாது என்று நினைத்துத்தான் அவர் பிழைத்துக்கொண்டார். வேலை தெரியும் என்று நம்பியிருந்தால் செத்திருப்பார். இதில் இருக்கும் அநியாயம் உங்களுக்குப் புரிகிறதா என்று தெரியவில்லை.

அண்ணிக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

"ஏங்க எப்பப் பாத்தாலும் அவரை இப்படியே பேசறீங்க? மத்தியானம் பூரா கூடவே நின்னு பாத்தது நான். எவ்வளவு பொறுமையா செஞ்சார் தெரியுமா? நீங்க குளிக்க வேண்டாம், விடுங்க. நான் குளிச்சுக் காட்டறேன்."

"பச்சைத் தண்ணிக்காரி வெந்நீர்ல குளிக்கப் போறாளாம்" என்று அண்ணன் சிரித்தார்.

"ஆமா. இன்னிக்கு ஒரு நாள்."

உங்கள் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். எல்லாம் ஒரு நொடியில் நடந்துவிட்டதா, தடுக்க முடியவில்லையா என்று கேட்க வருகிறீர்கள். ஆமாம் என்று சொன்னால் உங்கள் மனசு ஆறும். ஆனால் நேரம் நிறையவே இருந்தது. அண்ணி உள்ளே போய் மாற்றுத் துணி எடுத்து வந்தார். கொடியிலிருந்து துண்டை எடுத்தார், அது ஈரமாக இருக்கிறது என்று போட்டுவிட்டு வேறு துண்டு தேடினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "கொஞ்சம் பிடிங்க தம்பி" என்று என் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தண்ணீர் இன்னும் சுடவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு ஸ்க்ரூ முடுக்க வேண்டியிருக்கிறது, நாளைக்குக் குளிக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லாமே எனக்குத் தோன்றியது. நாக்கு நுனி வரை வந்தது.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு தயாராக இருந்தது. நான் எதையாவது சொல்ல வேண்டும், ஏதாவது ஒரு குறையை என் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்காகக் காத்திருந்தது. அண்ணியை நிறுத்தினால் நிறுத்தலாம். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில், அந்தக் கடையில், அந்தச் சிரிப்போடு நான் காலம் முழுக்க இருக்க வேண்டும். தன்மானம் உள்ளவன் எவனாக இருந்தாலும் யோசிப்பான், ஐயா. நானும் யோசித்தேன்.

அண்ணி குளியலறைக் கதவில் கை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அண்ணனுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே கேட்டார்.

"என்ன தம்பி, வேலை சரியாத்தானே இருக்கு? போகட்டுமா?"

"தைரியமா போங்க அண்ணி" என்றேன். "வேலையில ஒரு குறையும் இல்ல."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நான் கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அண்ணியிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.